நாலு என்று சொன்னவர்

நம் சர்ஜரித் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டு, "மேடம், உங்களுக்கு எப்பவாவது கை நடுங்கியிருக்கா?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு இட்லியில் கவனமானேன். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது சுலபம், நாங்கள் இனிமேல் உங்களுக்கு மார்க் போடப்போவதில்லை. ஆனால் கேள்வி என்னோடு ஆட்டோவில் ஏறி வீடு வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடுங்கியிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. அங்கே கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், பயம் எல்லாம் முடிந்த பிறகு கழிப்பறையில்தான் வரும். என் கை நடுங்கியது என் அறையில், மேசைக்கு முன்னால், ஒரு படிவத்தை நிரப்பும்போது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன், மறுபடியும் நடுங்கியது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்புகிற ரகம். எங்கள் அப்பா அரசாங்கக் குமாஸ்தா, அவரும் அப்படித்தான், கையெழுத்துப் போட்ட காகிதத்தை மூன்று தடவை படிப்பார். இந்தக் கவலை என் நோயாளிகளுக்கு நல்லது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். கவலைப்படுகிற டாக்டரிடம் நோயாளி பத்திரமாக இருப்பார் என்பது என் கணக்கு. பதினாலாம் படுக்கைக்காரர் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டார்.

அவர் பெயரை மாற்றிச் சம்பத் என்று வைத்துக்கொள்கிறேன். வயது முப்பத்தொன்று. கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்து பெங்களூர் ஓரத்தில் ஹெப்பகோடியில் குடியிருந்தார். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஆபரேட்டர், ஆறு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வியாழக்கிழமை மதியம் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மனைவியோடு வந்தார். ஸ்கேனில் குடல்வால் வீங்கியிருந்தது. வெடிக்கவில்லை, சீழ் கட்டவில்லை, உள்ளே கல்போல் எதுவும் அடைத்திருக்கவும் இல்லை. நம் புத்தகங்கள் சிக்கலில்லாதது என்று சொல்லுமே, அந்த வகை.

அப்போது நம் துறையில் ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தியது, பெங்களூரில் அதற்கு நான் பொறுப்பு. இப்படிப்பட்ட குடல்வால் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரிப்போம். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. இன்னொரு பிரிவுக்கு முதலில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்பது. யார் எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். மருந்துப் பிரிவில் இருப்பவரிடம் இருபத்து நாலு மணி நேரம் கழித்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு எத்தனை எண் கொடுப்பீர்கள் என்று கேட்க வேண்டும். ஆறோ அதற்கு மேலோ சொன்னால் மருந்து தோற்றது, அறுவைக்கு அனுப்ப வேண்டும். நாலோ கீழோ என்றால் மருந்து வேலை செய்கிறது. ஐந்து என்றால் இன்னும் ஆறு மணி நேரம் பார்க்கலாம்.

சம்பத்துக்கு எல்லாவற்றையும் தமிழில் விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். எந்த எண்ணுக்கு என்ன முடிவு என்பதை மட்டும் சொல்லவில்லை, அதை நோயாளிக்குச் சொல்லக் கூடாது என்று விதி. கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் மருந்துப் பிரிவு என்றது. அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன். கத்திக்குத் தப்பித்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

எனக்கும் அதில் சந்தோஷம்தான். அதை மறைக்கப் போவதில்லை. நம் துறையின் இன்னொரு யூனிட்டுக்குத் தலைவராக இருந்தவர் மண்டியாக்காரர், அருமையான கை, வாய் மட்டும் கத்தியைவிடக் கூர். என் ஆய்வுக்கு அவர் வைத்த பெயர் மாத்திரை சர்ஜரி. காலைக் கூட்டத்தில் என் மருந்துப் பிரிவு நோயாளி யாராவது அறுவைக்குப் போனால், எதிர் வரிசையிலிருந்து கன்னடத்தில் மெதுவாக, "மாத்ரெ கெலஸ மாடலில்வா?" என்பார், மாத்திரை வேலை செய்யவில்லையா என்று. எல்லோரும் சிரிப்பார்கள். எங்களுக்குள் ஏழெட்டு மாதமாக நேர்ப் பேச்சு கிடையாது. அது போக, என் முதுநிலை மாணவி ஒருத்தி இந்த நோயாளிகளை வைத்துத்தான் தன் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், நேரம் காலம் பார்க்காமல் படிவங்களை நிரப்புவாள். அவள் பட்டியலில் இன்னும் சில பேர் சேர்ந்தால் முடிந்தது. சம்பத் அவளுக்கும் வேண்டியவராக இருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் ரவுண்ட்ஸ் போனோம். நம் வார்டில் ரவுண்ட்ஸ் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். படுக்கையைச் சுற்றி எட்டுப் பேர், நோயாளி நடுவில், பேச்சு அவர் தலைக்கு மேலே இங்கிலீஷில் போகும். முந்தின நாள் சாயங்காலமும் அப்படித்தான் நின்றோம். புதிதாக வந்த பயிற்சி மருத்துவர்களுக்கு நானே ஆய்வை விளக்கினேன். ஆறு வந்தால் தியேட்டர், நாலுக்குள் இருந்தால் மருந்தைத் தொடர்வோம் என்று நல்ல கணீர்க் குரலில், வாத்தியாரம்மா தோரணையில் சொன்னேன். சம்பத் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"சம்பத், இப்ப வலி எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?" என்று என் மாணவி கேட்டாள்.

"நாலு மேடம்."

"நேத்து வந்தப்போ எட்டு சொன்னீங்க."

"ஆமா மேடம். இப்ப நாலுதான். பரவால்லை."

மாணவி என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் இறுக்கமாக இருந்தது. மெஷினில் நின்று உழைக்கிறவர், வயிற்றுத் தசை இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கவனியுங்கள், யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷத்தில் ஆயிரம் வயிறுகளைத் தொட்ட கை அது. கை ஒன்று சொன்னது, நான் அதற்கு மறுப்பு எழுதினேன்.

வார்டு பொறுப்பில் இருந்த சிஸ்டர் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர். நான் மேசைக்குப் போனதும் சார்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மேடம், பதினாலு பல்ஸ் நூத்தி எட்டு."

"காய்ச்சலுக்கா இருக்கும் சிஸ்டர்."

"காய்ச்சல் இல்லைங்க மேடம். மதியம் பாத்தேன், நார்மலா இருக்குது."

"பாராசிட்டமால் போட்டிருக்கோமில்ல, அதனால இறங்கியிருக்கும்."

"சரிங்க மேடம்," என்றார் அவர். அந்தச் சரிக்கு அர்த்தம் சரி இல்லை என்பது எனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக அவரோடு வேலை செய்திருக்கிறேன். இருந்தும் அடுத்த படுக்கைக்குப் போனேன். நாலு என்றால் மருந்தைத் தொடரலாம் என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. நான் விதிப்படி நடந்தேன்.

அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிவாஜிநகரில் துணிக்கடையில் நின்றுகொண்டு மூன்று தடவை மாணவிக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் எண் என்ன என்று கேட்டேன், மூன்று தடவையும் அவள் நாலு என்றாள். கடைக்காரர் விரித்துப் போட்ட எதையும் நான் பார்க்கவில்லை. எதற்காகத் தவிக்கிறோம் என்று அப்போது நிதானமாக யோசித்திருந்தால் எனக்கே வெட்கமாக இருந்திருக்கும். எண் ஐந்தாகிவிடக் கூடாதே என்றுதான் தவித்தேன். கவலை நிறைய இருந்தது. அது ஆளைப் பற்றிய கவலையாக இல்லை.

சனிக்கிழமை காலை அவர் மூன்று என்றார். முகம் தெளிவாக இருந்தது. முந்தின நாளைவிட நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். என் மாணவி மூன்றைப் படிவத்தில் எழுதிக்கொண்டாள். எனக்கு முதலில் நெஞ்சு லேசாயிற்று, அடுத்த நொடியே வேறொன்று நினைவுக்கு வந்தது. குடல்வால் வெடிக்கும்போது உள்ளிருந்த அழுத்தம் போய், கொஞ்ச நேரத்துக்கு வலி குறையும். இதை இரண்டாம் வருஷ மாணவனுக்கும் நான்தான் பாடம் எடுப்பேன். வாய்மொழித் தேர்வில் எனக்குப் பிடித்த கேள்வியே அதுதான். இது நல்ல மூன்றா கெட்ட மூன்றா என்று தெரியாமல் அவர் கால்மாட்டில் நின்றேன். சார்ட்டில் பல்ஸ் நூற்றுப் பதினெட்டு.

சிஸ்டர் என்னை மருந்து அறைக்குள் கூப்பிட்டார். அங்கே சம்பத்தின் மனைவி சித்ரா நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"மேடம்கிட்ட சொல்லும்மா. என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு," என்றார் சிஸ்டர்.

"அவரு திட்டுவாரு."

"திட்டினா நான் பாத்துக்கிறேன். சொல்லு."

சித்ரா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி வரைக்கும் துண்டை வாயில வச்சுக் கடிச்சிக்கினு இருப்பாரு மேடம். நேத்துல இருந்து அப்படித்தான். நீங்க வர்ற சத்தம் கேட்டதும் துண்டை எடுத்து என்கிட்ட குடுத்துருவாரு. போன அப்புறம் திரும்ப வாங்கிக்குவாரு. விடிகாலைல இருந்துதான் கடிக்கலை. உடம்பெல்லாம் சில்லுனு இருக்குது."

துண்டைக் காட்டினாள். ஓரத்தில் நூல் பிரிந்து பல் தடம் தெரிந்தது.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். அந்த நொடியிலேயே தியேட்டருக்குப் போன் செய்திருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நான் செய்யவில்லை. மறுபடியும் ஸ்கேன் எடுக்கலாமா, ரத்தப் பரிசோதனை வரும்வரை பார்க்கலாமா என்று மனசு சந்து பொந்தெல்லாம் தேடியது. என் பார்வை கெட்டுப்போயிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு இந்த மனிதர் குணமாக வேண்டும், அதுவும் மருந்திலேயே குணமாக வேண்டும். இந்த ஆசையை வைத்துக்கொண்டு அவர் வயிற்றை நான் எத்தனை தடவை தொட்டாலும் என் ஆசைதான் கைக்குத் தட்டுப்படும். வேறு யாராவது தொட வேண்டும். இந்த ஆய்வு ஜெயித்தாலும் தோற்றாலும் கவலையே இல்லாத ஒருவர் வேண்டும்.

கட்டிடத்தில் அப்படி ஒருவர்தான் இருந்தார். அவருக்குப் போன் செய்ய எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார், போனை எடுத்து என் கையில் கொடுத்ததும் அவர்தான்.

அந்த மண்டியாக்காரர் நாலு நிமிஷத்தில் வந்தார். நான் கேலியை எதிர்பார்த்து விறைப்பாக நின்றேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, சார்ட்டையும் வாங்கவில்லை. எண் எத்தனை என்று மாணவி சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். சம்பத்தின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உடைந்த தமிழில், "எழுந்து நிக்கறியாப்பா?" என்றார்.

சம்பத் எழுந்து நின்றார். கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார்.

"கைய வுடு. இப்ப குதிகால தூக்கு. ஆங். அப்படியே தடால்னு கீழ போடு."

சம்பத் குதிகாலைத் தூக்கினார். போடவில்லை. நுனிக்காலில் நின்றபடி எங்கள் எட்டுப் பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியில் வேர்வை திரண்டது. பிறகு, ஏதோ உடைந்துவிடும் என்பதுபோல மெல்ல மெல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தை இறக்கினார். குதிகால் தரையைத் தொட்டபோது அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எதிர்க்கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். குடல்வால் வெடித்தவரால் அந்தச் சின்ன அதிர்வைக்கூடத் தாங்க முடியாது.

மண்டியாக்காரர் அவரைப் பிடித்துப் படுக்க வைத்தார். என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், கன்னடத்தில், "என் லிஸ்டில் அடுத்த கேஸைத் தள்ளிவைக்கிறேன். இரண்டாம் தியேட்டர் காலியாக இருக்கும். நீங்கள் செய்கிறீர்களா, நான் செய்யட்டுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் செய்கிறேன் என்றேன், நீங்களும் கூட நின்றால் நல்லது என்றும் சொன்னேன். நின்றார்.

வயிறு முழுக்கச் சீழ். அறுவையை நான் விவரிக்கப் போவதில்லை, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்த இரண்டு நாளைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். ரத்த அழுத்தம் மருந்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சிறுநீர் சரியாக இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோவிலுக்குப் போகிற நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் கட்டிலுக்குக் கீழே குனிந்து, சிறுநீர்ப் பையில் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் சித்ரா. கடக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பாள், நான் உட்காரும்மா என்பேன். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. இந்த ஆள் போய்விட்டால் நான் என்ன சொல்வேன், விதிப்படிதான் நடந்தேன் என்று இவளிடம் சொல்வேனா என்ற ஒரே நினைப்புதான் இரண்டு நாளும்.

திங்கட்கிழமை பகலில் சிறுநீர் இறங்க ஆரம்பித்தது. சாயங்காலம் செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்தார்கள். அவர் கண் திறந்து, வறண்ட தொண்டையில் முதலில் கேட்டது, "இன்னைக்கு என்ன கெழமை?"

திங்கள் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வடிந்து காதுக்குள் போனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வார்டுக்குத் திரும்பிய பிறகுதான் சொன்னார். அந்தத் திங்கட்கிழமை தொழிற்சாலையில் அவருக்கு நிரந்தர வேலைக்கான தேர்வு. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டிருந்தார்கள். வயிற்றைக் கிழித்தால் மாதக் கணக்கில் படுக்கை என்று ஊரில் யாருக்கோ நடந்ததை வைத்து நினைத்திருந்தார்.

"சரி, நாலு நாலுன்னு ஏன் சொன்னீங்க?" என்றேன்.

"நீங்கதான மேடம் சொன்னீங்க. வந்த அன்னைக்குச் சாயங்காலம், சின்ன டாக்டருங்களுக்கு, இங்கிலீஷ்ல. நம்பரு எனக்கும் புரியும். ஆறு வந்தா தியேட்டரு, நாலுக்குள்ள இருந்தா வேணாம்னு. எங்க லைன்லயும் அதே கதைதான். கேஜ் வச்சு அளந்து பாப்போம், லிமிட்டுக்குள்ள இருந்தா பீஸ் பாஸு." பிறகு, "மூணு சொன்னா நம்ப மாட்டீங்கன்னு நாலு சொன்னேன். மறுநாள்தான் மூணு," என்றார்.

மருந்துப் பிரிவு என்றதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி எதற்காக என்று அப்போது விளங்கியது. வெள்ளிக்கிழமை மதியமே சின்னத் துளைகள் போட்டுக் குடல்வாலை எடுத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டாவது அவர் போய் உட்கார்ந்திருக்கலாம். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், வாய்ப்பு நன்றாகவே இருந்தது. அவருக்கு அது தெரியாது, எனக்குத் திங்கட்கிழமை தெரியாது. வேலை, சாப்பாடு, பீடி, சர்க்கரை வியாதி என்று முழுப் பக்கம் கேட்டு எழுதிய நாங்கள், அடுத்த வாரம் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அவருக்கு நாலு வேண்டியிருந்தது, எனக்கும் நாலு வேண்டியிருந்தது. இரண்டு பேரும் கூடிப் பேசாமலே அந்த எண்ணைக் காப்பாற்றினோம்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். ஆய்வில் இருக்கும் நோயாளி இப்படி ஆபத்துக்குப் போனால் அன்றே தகவல் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டோம். விரிவான அறிக்கைக்குச் சில நாள் அவகாசம் உண்டு. என் மாணவி அதை அழகாக நிரப்பிக் கொண்டுவந்தாள். விதிமீறல் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று இருந்தது. பொய் கிடையாது. எல்லா எண்களும் நேரத்துக்குக் கேட்கப்பட்டவை, எல்லாம் எல்லைக்குள் இருந்தவை. எண்ணை நோயாளிக்குச் சொல்லக் கூடாது என்ற விதியையும் நாங்கள் எழுத்தளவில் மீறவில்லை, அவரிடம் சொல்லவில்லையே, அவர் தலைக்கு மேலேதானே சொன்னோம்.

"இதுல சேர்க்க ஒண்ணும் இல்லை மேடம். அந்த விஷயத்துக்கு இடமே கிடையாது," என்றாள். அவளுக்கும் தெரியும். நாங்கள் படுக்கை ஓரத்தில் எல்லையை உரக்கச் சொல்லும் வழக்கம் சம்பத்தோடு ஆரம்பித்தது இல்லை. ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அதை எழுதினால் நம் மையத்தின் எல்லா எண்களும் சந்தேகத்துக்கு உரியவை ஆகும். அவளுடைய ஆய்வேடு முழுக்க அந்த எண்கள்தான்.

படிவம் என் இழுப்பறையில் ஆறு நாள் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் பிற குறிப்புகள் என்று ஒரு சின்னக் கட்டம், காலியாக. தினமும் எடுப்பேன், பேனாவைத் திறப்பேன், கை நடுங்கும், மூடி வைப்பேன். ஒரு பெண்ணின் இரண்டு வருஷ உழைப்பை அழிக்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டுக்கொள்வேன். அது நியாயமான கேள்வி மாதிரி இருந்ததால் அதற்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டேன்.

கடைசியில் எழுதினேன், அதன் பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மையத்தில் ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள், அதுவரை சேர்த்தவர்களின் தரவையும் ஆய்விலிருந்து விலக்கினார்கள். என் மாணவி வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கி ஆறு மாதம் தாமதமாகத் தேர்வு எழுதினாள். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது, நான் கேட்கவில்லை. சம்பத் தேர்வுக்கு வர முடியாமல் போனது எங்கள் தாமதத்தால்தான் என்று தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதினேன். கல்லூரி நிர்வாகம் அதற்காக என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. தொழிற்சாலையிலிருந்து பதில் வரவில்லை. சம்பத் அடுத்த வருஷம் தேர்வு எழுதினார் என்று சிஸ்டர் மூலம் கேள்விப்பட்டேன், முடிவு எனக்குத் தெரியாது. மண்டியாக்காரர் காலைக் கூட்டத்தில் அந்தக் கேலியை அதற்கப்புறம் செய்யவில்லை. ஆய்வில் இருக்கும் நோயாளியை ஆய்வில் இல்லாத ஒருவர் தினம் ஒரு தடவை, எண்ணைக் கேட்காமல், தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நம் துறையில் ஒரு ஏற்பாடு இருக்கிறதே, எதற்கு இந்த வெட்டி வேலை என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதுக்கும் வந்தது. அதை நானும் அவருமாகச் சேர்ந்து எழுதினோம்.

என்னை எழுத வைத்தது என் மனசாட்சி என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். சம்பத்தை வீட்டுக்கு அனுப்பும் நாள். காலை ரவுண்ட்ஸில் அதே எட்டுப் பேர் சுற்றி நின்றோம். இந்தத் தடவை யாரும் இங்கிலீஷில் பேசவில்லை. அவர் சட்டை போட்டு, தலை சீவி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எட்டுக் கிலோவாவது இளைத்திருப்பார். சித்ரா பையைக் கட்டி வைத்துவிட்டு நின்றாள். அந்தத் துண்டு பையின் மேலே மடித்திருந்தது.

பழக்க தோஷத்தில் நான்தான் கேட்டேன்.

"இப்ப வலி எத்தனை சம்பத்? பத்துக்கு?"

என் முகத்தைப் பார்த்தார், மாணவியின் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. வழி கேட்கிறவர் மாதிரி மரியாதையாகக் கேட்டார்.

"எத்தினி சொன்னா வீட்டுக்கு வுடுவீங்க மேடம்?"

யாரோ ஒரு பயிற்சி மருத்துவர் சிரித்தார். சிஸ்டர் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது. நான் கையில் இருந்த காகிதத்தை மாணவியிடம் கொடுத்துவிட்டு, அவரைப் படுக்கச் சொல்லி, சட்டையை விலக்கி, உள்ளங்கையை வயிற்றில் வைத்தேன். மெத்தென்று இருந்தது. சூடாக இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இழுப்பறையைத் திறந்தேன். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எழுத்து கோணலாக வந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அந்தச் சின்னக் கட்டத்தில் என் விளக்கத்துக்கு முன்னால் முதல் வரியாக அவர் கேட்டதை, அவர் கேட்டபடியே, தமிழிலேயே எழுதினேன்.